வீட்டில் மூட்டைப்பூச்சி, கூடவே ஒரு நாயும் இரண்டு பூனைகளும்: மருந்து அடிக்கலாமா?

பூனைவீடு_உறையூர்:

அனைவருக்கும் வணக்கம். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், வீட்டுக்குள் மூட்டைப்பூச்சி வந்துவிட்டது. மகள் கோவையில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள், படிப்பு முடிந்து பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினாள், அதிலிருந்துதான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். முதலில் அவள் கையில் வரிசையாகத் தடிப்பு. கொசு என்று சொல்லி வலை கட்டினோம். வலைக்குள்ளேயும் கடித்தது. நேற்று நள்ளிரவில் செல்போன் டார்ச் அடித்து மெத்தையைப் புரட்டினால், விளிம்புத் தையலுக்குள் உளுந்து அளவில், தட்டையாக, செம்பழுப்பு நிறத்தில் நாலைந்து ஓடுகின்றன. கட்டில் பலகை சேரும் இடத்தில் கறுப்புக் கறுப்பாய்ப் பொட்டுகள்.

மனிதர்கள் மட்டும் இருக்கிற வீடாக இருந்தால் ஆளைக் கூப்பிட்டு மருந்தடித்துவிட்டு மாமியார் வீட்டுக்குப் போய் ஒரு ராத்திரி இருந்துவிட்டு வந்திருப்பேன். எங்களிடம் ஒரு நாட்டு நாய், இரண்டு பூனைகள், ஹாலில் ஒரு மீன் தொட்டி. பூனைகளில் ஒன்றுக்கு வயதாகிவிட்டது, கிட்னிக்கு ஏற்கெனவே மருந்து போகிறது. அது படுப்பதே மகளின் கட்டிலில்தான்.

கீழ் வீட்டில் இருக்கும் ஓனர், “தெரிந்த பையன் இருக்கிறான், வந்து புகை போட்டுவிட்டுப் போவான், மூன்று மணி நேரத்தில் நெடி போய்விடும்” என்கிறார். என்ன மருந்து என்று கேட்டால் “மூட்டைப்பூச்சி மருந்துதான்” என்று பதில். எதிர்வீட்டு அக்கா ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பொடி கொடுத்து கட்டிலுக்கு அடியில் தூவச் சொன்னார், கூடவே ஒரு சாக்பீஸ். வாங்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன், பிரிக்கவில்லை.

கேட்க வேண்டியது இதுதான். இந்தப் பூச்சி நாய், பூனை மேலேயே குடியேறிவிடுமா? நாய்க்குக் கொடுக்கும் உண்ணி மாத்திரை இதற்கும் கேட்குமா? மருந்தே இல்லாமல் ஒழிக்க வழி உண்டா, அடித்தே ஆக வேண்டும் என்றால் இவர்களை எங்கே, எவ்வளவு நேரம் வைப்பது? வேப்பிலை, வசம்பு, கற்பூரம் என்று யூடியூபில் நிறையப் பார்த்தாயிற்று. நிஜமாகச் செய்து பார்த்தவர்கள் சொன்னால் நல்லது.

கால்நடை_டாக்டர்:

அந்தப் பொடி மேல்தட்டிலேயே இருக்கட்டும், பிரிக்க வேண்டாம்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் மூட்டைப்பூச்சிதான், ஆனாலும் ஒன்றைப் பிடித்து செல்லோடேப்பில் ஒட்டி வெளிச்சத்தில் பாருங்கள். நாய் வளர்க்கும் வீடுகளில் உண்ணியையும் இதையும் குழப்பிக்கொண்டு என்னிடம் வருகிறவர்கள் உண்டு. நாய் உண்ணியும் சுவரில் ஏறும், கதவுச் சட்ட இடுக்கில் முட்டையிடும், அதனால் குழப்பம் வருவதில் ஆச்சரியமில்லை. வளர்ந்த உண்ணிக்கு எட்டுக் கால், மூட்டைப்பூச்சிக்கு ஆறு. தெள்ளுப்பூச்சி என்றால் தாவும். மூட்டைப்பூச்சிக்குத் தாவவும் தெரியாது, பறக்கவும் தெரியாது, ஓட மட்டும்தான் தெரியும். அந்தக் கறுப்புப் பொட்டை ஈரத் துணியால் துடைத்தால் செம்பழுப்பாக இழுபடும், அது செரித்த ரத்தம்.

நாய், பூனை மேல் அது குடியிருக்காது. கடிக்கும், குறிப்பாக ரோமம் குறைவான வயிற்றுப் பக்கம், ஆனால் குடித்துவிட்டு இடுக்குக்குத் திரும்பிவிடும். மனித ரத்தம்தான் அதற்கு முதல் விருப்பம். எனவே பூனையைக் குளிப்பாட்டி, மொட்டையடித்து, ஷாம்பு போட்டு எல்லாம் வதைக்க வேண்டாம். அவற்றின் படுக்கை, கூடை, தூக்கிப் போகும் கூண்டு, இவைதான் உங்கள் மெத்தையைப் போலவே கவனிக்க வேண்டிய இடங்கள். கூண்டின் மூடி மாட்டும் இடுக்கை யாரும் பார்ப்பதே இல்லை.

உண்ணி மாத்திரை விஷயம்: மருந்து நாயின் ரத்தத்தில் இருக்கிறது, உங்கள் மகளின் ரத்தத்தில் இல்லையே. பூச்சி அவளைக் கடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். மாத்திரையை உண்ணிக்காக மட்டும் தொடருங்கள்.

இனி முக்கியமானது. பெர்மெத்ரின், சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் என்று ‘த்ரின்’ என முடிகிற மருந்துகள்தான் வீட்டுப் பூச்சிக்கு அதிகம் அடிப்பவை. சாக்பீஸில் இருப்பதும் பெரும்பாலும் இந்தக் குடும்பம்தான். நாய் ஓரளவு தாங்கும். பூனையின் கல்லீரலுக்கு இவற்றை உடைத்து வெளியேற்றும் திறன் மிகக் குறைவு. தரையில் நடந்து, பாதத்தை நக்கினால் போதும், உள்ளே போய்விடும். காது துடிப்பது, உடம்பு உதறுவது, எச்சில் வடிவது, தள்ளாடுவது, கடைசியில் வலிப்பு. அப்படி ஏதாவது தெரிந்தால் பால் கொடுப்பது, வாந்தி எடுக்க வைப்பது என்று வீட்டு வைத்தியத்தில் இறங்காமல் உடனே மருத்துவரிடம் கொண்டு போங்கள், மருந்து பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள். மேலே பட்டிருப்பது தெரிந்து, பூனை நிதானமாக இருந்தால் மட்டும் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவிவிட்டுக் கிளம்பலாம்.

கற்பூரம், யூகலிப்டஸ் தைலம், டீ ட்ரீ ஆயில், அந்துருண்டை, இவையும் பூனைக்கு ஆகாது. ‘இயற்கை’ என்று லேபிளில் போட்டிருப்பதைப் பூனையின் கல்லீரல் படித்துப் பார்ப்பதில்லை.

கெரசின்_பார்ட்டி:

எதுக்கு இவ்வளவு பெரிய கதை. மண்ணெண்ணெயில் அந்துருண்டையைக் கரைத்து பிரஷ்ஷால் கட்டில் பூரா அடிங்க. எங்க தாத்தா காலத்துல இருந்து இதுதான். ஒரே ராத்திரி, க்ளோஸ்.

கால்நடை_டாக்டர்:

கெரசின் சார், நான் மேலே ஆகாது என்று எழுதியதைத் தேடிப் பிடித்து மண்ணெண்ணெயில் கரைக்கச் சொல்கிறீர்கள். மண்ணெண்ணெய் ரோமத்தில் பட்டால் பூனை நக்கும், நுரையீரலுக்குள் போனால் நிமோனியா. தீப்பிடிக்கும் சங்கதி வேறு. ரேஷனிலேயே கிடைப்பது அரிதாகிவிட்டது, அந்த வகையில் நல்லது.

மருந்தடிப்பவன்:

பூச்சி ஒழிப்புத் தொழிலில்தான் இருக்கிறேன், என் பிழைப்பில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டாலும் பரவாயில்லை, புகை போட மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள் மேடம். புகை காற்றில் மிதந்து தரையிலும் சாமான் மேலும் படியும். மூட்டைப்பூச்சி இருப்பது பலகை இடுக்கிலும் தையலுக்குள்ளும். அங்கே போதுமான அளவு போகாது, மிரண்டுபோய் அடுத்த அறைக்கு நகரும், சில சமயம் பக்கத்து வீட்டுக்கும். மருந்து முழுக்க எங்கே படிகிறது என்றால் உங்கள் பூனை நடக்கிற இடத்தில். பூச்சிக்கு ஒன்றும் ஆகாமல் பூனைக்கு ஆகிவிடும்.

‘த்ரின்’ வகை மருந்துகளைத் தாங்கிக்கொள்ளும் மூட்டைப்பூச்சிகள் இப்போது உலகம் பூராவும் இருக்கின்றன. இது புதிதும் இல்லை. 1953இல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் வந்து வீடு வீடாக டிடிடி அடித்த காலத்திலும் முதலில் மூட்டைப்பூச்சி செத்து விழுந்தது, அப்புறம் அதையே தாங்குகிற பூச்சிகள் மிஞ்சிப் பெருகின. அதனால் “ஒரே தடவை, கியாரண்டி” என்று சொல்கிறவரை நம்ப வேண்டாம். முட்டைக்குள் மருந்து சரியாக இறங்காது, வெயில் ஊரில் முட்டை பொரிய ஒரு வாரத்திலிருந்து பத்து நாள். ஆகவே இரண்டு வாரம் கழித்து இரண்டாவது தடவை கட்டாயம். அதைக் கேட்காமலே சொல்கிற ஆள்தான் வேலை தெரிந்த ஆள்.

ஓனர் சொல்லும் பையனிடம் மருந்தின் பெயரைக் கேளுங்கள், பாட்டிலைக் காட்டச் சொல்லி போட்டோ எடுங்கள். லேபிளில் ஒரு கட்டத்துக்குள் முக்கோணமாக நிறம் இருக்கும்: சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை, அந்த வரிசையில் நச்சுத்தன்மை குறையும். சிவப்பும் மஞ்சளும் வீட்டுக்குள் வரவே கூடாது. டைக்ளோர்வாஸ் என்றால் திருப்பி அனுப்புங்கள், 2020 டிசம்பர் 31உடன் இந்தியாவில் முழுத் தடை, ஆனாலும் சட்டென்று கொல்கிறது என்று அதைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். லேபிள் இல்லாத பாட்டிலில், தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் கொண்டு வந்தால் பேச்சே வேண்டாம்.

அதைவிட மோசம், “மாத்திரை வைத்துக் கதவைச் சாத்திவிடலாம்” என்பது. அலுமினியம் பாஸ்பைடு. காற்றிலுள்ள ஈரத்தில் பாஸ்பீன் வாயு கிளம்பும், தானியக் கிடங்குக்கானது, குடியிருக்கும் வீட்டுக்கு அல்ல. உங்களுக்குக் கீழே ஆள் இருக்கிறார்கள் வேறு. 2024 நவம்பரில் குன்றத்தூரில் எலி மருந்து வைத்த வீட்டில் தூங்கிய இரண்டு குழந்தைகள் இறந்தது எல்லோருக்கும் தெரியும். அது எலிக்கு வைத்த மருந்துதான், ஆனால் அடைத்த அறை, நெடி, உள்ளே ஆள் என்கிற சேர்க்கை எந்த மருந்துக்கும் ஒன்றுதான்.

அடித்தே ஆக வேண்டும் என்று வந்தால் இடுக்கில் மட்டும், கட்டில் பொருத்து, சுவர் ஓரப் பட்டி, ஸ்விட்ச் பெட்டியைச் சுற்றி. பூனை, நாய், அவற்றின் தட்டு, தண்ணீர்க் கிண்ணம், மணல் தட்டு எல்லாம் அதற்கு முன்பே வெளியே. முழுக்க உலர்ந்து, ஜன்னல் திறந்து ஃபேன் போட்டு, லேபிளில் சொன்ன நேரத்துக்குக் குறையாமல் காத்திருக்க வேண்டும். பூனை உள்ள வீட்டுக்கு நான் ஒரு முழு நாளாவது சொல்வேன், வயதான பூனைக்கு டாக்டர் சொல்வதைக் கேளுங்கள்.

மண்ணச்சநல்லூர்_அக்கா:

நாங்கள் மருந்தே அடிக்காமல் ஒழித்தோம், மூன்று பூனை உள்ள வீடு. ஆனால் ஒரு மாதத்துக்கு மேல் இடுப்பு ஒடிந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மூட்டைப்பூச்சிக்குச் சூடு ஆகாது, அவ்வளவுதான் சூட்சுமம். 50 டிகிரிக்கு மேல் போய்க் கொஞ்ச நேரம் நின்றால் பூச்சியும் சாகும், முட்டையும் சாகும். அந்தச் சூட்டை இடுக்குக்குள் கொண்டு போவதுதான் வேலையே.

முதலில் கட்டிலைக் கழற்ற வேண்டும். மேலே துடைத்துப் பிரயோஜனம் இல்லை. எங்கள் கட்டிலில் தலைமாட்டுப் பலகையைக் கால் சட்டத்தோடு முடுக்கியிருந்த போல்ட்டை உருவியதும் அந்தத் துளைக்குள்ளேயே ஒரு குடும்பம், வெள்ளையாக ஒரு மில்லிமீட்டர் முட்டைகள் கொத்தாய் மரத்தோடு ஒட்டி, பக்கத்தில் உரித்துப் போட்ட தோல், குஞ்சுகள் கண்ணாடி மாதிரி, ரத்தம் குடித்தவை மட்டும் சிவப்பாய்த் தெரிந்தன. நசுக்கினால் அந்த நாற்றம் தெரியுமே, வீடு பூரா.

தேக்குக் கட்டில் என்றால் வாய் குறுகிய கெட்டிலில் கொதிக்கிற தண்ணீரை எடுத்து ஒவ்வொரு துளையிலும் மெதுவாக ஊற்றலாம், மொட்டை மாடியில் வைத்து. பிளைவுட் கட்டிலுக்கு அப்படிச் செய்தால் உப்பிவிடும், துணி இஸ்திரி போடும் ஸ்டீமர் வாங்குங்கள். ஸ்டீமரின் வாயில் ஒரு பழைய பருத்தித் துணியைச் சுற்றிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஆவி பாய்கிற வேகத்தில் பூச்சி பறந்து அந்தப் பக்கம் விழும். அவசரப்பட்டு இழுக்கக் கூடாது, கோலப்பொடி விடுகிற நிதானத்தில் தையலோடு நகர்த்தணும். ஸ்விட்ச் பெட்டிப் பக்கம் ஆவியோடு போகவே வேண்டாம்.

துணிமணி, தலையணை உறை, பூனைப் படுக்கை எல்லாம் பக்கெட்டில் கை வைக்க முடியாத சூட்டு வெந்நீரில் ஊறவைத்து, துவைத்து, காய்ந்ததும் இஸ்திரி. இஸ்திரிப் பெட்டியைத் தையல் மடிப்பின் மேல் அழுத்தி இழுத்தால் அதுவே பாதி வேலை முடிக்கும். திரைச்சீலையின் மேல் மடிப்பை மறக்காதீர்கள். துவைத்ததை உடனே ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டிவிட வேண்டும், இல்லையென்றால் திரும்ப ஏறிக்கொள்ளும்.

மெத்தையை வெயிலில் போட்டால் மட்டும் போதாது. மேல்பக்கம் சுடும், பூச்சி அடிப்பக்கம் போய் நிழலில் உட்காரும். சின்னச் சாமான்களைக் கறுப்பு பிளாஸ்டிக் பையில் மெல்லிசாகப் பரப்பி மே மாத வெயிலில் மொட்டை மாடித் தரையில் வைத்தால் வேலை செய்யும். மெத்தைக்கு ஸ்டீமர், அதன் பிறகு ஜிப் வைத்த முழு உறை போட்டு ஒரு வருஷம் கழற்றாமல் இருங்கள், உள்ளே மிச்சமிருந்தால் பட்டினி கிடந்து சாகட்டும். பூனை நகத்தால் உறையில் ஓட்டை போடும், மேலே ஒரு தடித்த விரிப்பு கட்டிவிடுங்கள்.

வேப்பிலைப் புகையும் போட்டுப் பார்த்தேன், வசம்பும் வைத்தேன். கொசு கொஞ்சம் குறைந்தது. மூட்டைப்பூச்சிக்கு ஒரு ரோமமும் அசையவில்லை.

பூனைவீடு_உறையூர்:

அக்கா, டாக்டர், மருந்தடிப்பவன் சார், மூன்று பேருக்கும் நன்றி. ஓனரின் ஆளுக்கு போன் செய்து மருந்தின் பெயரைக் கேட்டேன், “அதெல்லாம் கம்பெனி சீக்ரெட்” என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஓனருக்குக் கொஞ்சம் கோபம், பரவாயில்லை.

இன்னும் இரண்டு சந்தேகம். கட்டில் கால்களுக்கு அடியில் எறும்புக்கு வைப்பது போலத் தண்ணீர்க் கிண்ணம் வைத்தால் பூச்சி ஏறாதா? அப்புறம், மகளை ஹாலில் படுக்க வைத்துவிட்டு அந்த அறையைப் பூட்டிப்போட்டால் பட்டினியில் செத்துவிடாதா?

பூச்சியியல்_மாணவன்:

அறையைப் பூட்ட வேண்டாம் அக்கா. நம் ஊர்ச் சூட்டில் குளிர் நாடுகளைவிடச் சீக்கிரம் பட்டினியில் சாகும் என்றாலும் அது வார, மாதக் கணக்கு. அதற்குள் ஆள் வாசனையும் மூச்சுக்காற்றின் கார்பன் டை ஆக்சைடும் எங்கே வருகிறது என்று தேடிக்கொண்டு ஹாலுக்கு வந்துவிடும், ஒரு அறையில் இருந்த தொல்லை இரண்டு இடமாகும். மகள் அதே அறையில், பாதுகாப்பான கட்டிலில் தூங்குவதுதான் சரி. கேட்க நன்றாக இல்லை, ஆனால் அவள்தான் அங்கே தூண்டில் புழு.

கிண்ணம் நல்ல யோசனை, ஒரு சிக்கலோடு. குளிர் நாடுகளில் இருக்கும் மூட்டைப்பூச்சி இனம் வழுவழுப்பான பிளாஸ்டிக் சுவரில் ஏற முடியாமல் உள்ளேயே மாட்டிக்கொள்ளும், அங்கே விற்கிற பொறிக்கிண்ணங்கள் அதை நம்பி வந்தவை. நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் அதிகம் இருப்பது சைமெக்ஸ் ஹெமிப்டெரஸ் என்கிற இனம். இதன் காலில் உள்ள பட்டைக்குப் பிடிமானம் அதிகம், வழுவழுப்பிலும் ஏறித் தப்பிவிடும். அதனால் வெறும் கிண்ணம் போதாது, தண்ணீரில் துளி சோப்பு கலந்து வைத்தால் மூழ்கும். உங்கள் பூனைகள் அதைக் குடிக்கப் பார்க்கும் என்பதால் இரவில் அந்த அறைக்குள் அவற்றை விடாதீர்கள், அல்லது கிண்ணத்தின் மேல் அட்டையை வட்டமாக வெட்டி, காலைச் சுற்றி மூக்கு நுழையாத அளவு இடைவெளி விட்டு மூடுங்கள். காலையில் எத்தனை விழுந்திருக்கிறது என்று பார்த்தால் குறைகிறதா என்பதும் தெரியும். கட்டில் சுவரைத் தொடக் கூடாது, போர்வை தரையைத் தொடக் கூடாது, கொசுவலையின் ஓரம் தொங்கக் கூடாது. இல்லையென்றால் கிண்ணம் வைத்ததே வீண், அது வேறு பாதையில் வரும்.

எதிர்வீட்டு வெள்ளைப் பொடி போரிக் பவுடராக இருக்கலாம். கரப்பானுக்கு அது சரி, தின்னும், காலை நக்கும். மூட்டைப்பூச்சி ரத்தத்தைத் தவிர எதையும் வாயில் வைக்காது, போரிக் பவுடர் அதற்கு வெறும் தூசு. டயட்டோமேசியஸ் எர்த் என்று ஒரு பொடி ஆன்லைனில் கிடைக்கிறது, அது பூச்சியின் மேல்தோல் மெழுகைச் சுரண்டி உலர வைத்துக் கொல்லும், ஆனால் நாள் எடுக்கும். உணவுத் தரம் என்று போட்டிருப்பதை மட்டும், இடுக்குக்குள் மட்டும், கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிசாக. பூனை, நாய், மனிதர் எவர் நுரையீரலுக்கும் அந்தத் தூசு நல்லதல்ல, தரையில் கோலம் போட வேண்டாம்.

ஹாஸ்டல் பெட்டியை மறந்துவிட்டீர்களா? அது இன்னும் பரண்மேல் இருந்தால் இதெல்லாம் செய்தும் பிரயோஜனமில்லை. ஜிப் பல்லுக்குள்ளும் உள்துணி மடிப்பிலும் ஆவி பிடித்துவிட்டு மூட்டைக் கட்டி வையுங்கள். புத்தகங்களை பிளாஸ்டிக் பையில் கட்டி ஃப்ரீஸரில், மைனஸ் 18 டிகிரியில் நான்கு நாளாவது வைக்கலாம். வீட்டு ஃப்ரிட்ஜின் ஃப்ரீஸர் அந்த அளவு குளிர்கிறதா என்று தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், கதவைத் திறந்து திறந்து மூடினால் குளிர் நிற்காது.

மருந்தடிப்பவன்:

மீன் தொட்டி பற்றி யாருமே சொல்லவில்லை, நானும் விட்டுவிட்டேன். ‘த்ரின்’ மருந்து மீனுக்குப் பூனையைவிட ஆபத்து, துளி விழுந்தாலும் மிதந்துவிடும். தொட்டியை பிளாஸ்டிக் தாளால் மூடி டேப் ஒட்ட வேண்டும், ஏர் பம்ப்பை அணைக்க வேண்டும், ஏனென்றால் அது அறைக் காற்றைத்தான் இழுத்துத் தண்ணீருக்குள் விடுகிறது. ரொம்ப நேரம் அணைத்தால் மீன் மூச்சுத் திணறும், அதனால் அடிக்கிற அன்று தொட்டியையே வேறு வீட்டுக்கு மாற்ற முடிந்தால் மேல். ஆவியோடு முடித்துக்கொண்டால் இந்தத் தலைவலியே இல்லை.

அப்புறம் கீழ் வீட்டிலும் பார்க்கச் சொல்லுங்கள். ஓனர் கோபத்தில் இருந்தாலும் “உங்கள் மெத்தையையும் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள் சார்” என்று சொல்லிவிடுங்கள். வயரிங் குழாய் வழியாக மாடிக்கு மாடி போகும், நீங்கள் மட்டும் ஒழித்தால் திரும்ப வரும்.

பூனைவீடு_உறையூர்:

பெட்டி பரண்மேல்தான் இருக்கிறது! நாளைக்கே இறக்குகிறேன். ஸ்டீமர் ஆர்டர் போட்டாயிற்று, கார்பெண்டர் ஞாயிற்றுக்கிழமை கட்டிலைக் கழற்ற வருகிறார். பூனைகள் அன்றைக்கு நாத்தனார் வீட்டில், கூண்டை வெந்நீர் ஊற்றிக் கழுவி வெயிலில் வைத்திருக்கிறேன். நாய் எங்கேயும் போகாது, மாடியில் கட்டிப்போட்டால் குரைத்தே ஊரைக் கூட்டும், அதை என்ன செய்வது என்றுதான் யோசனை.

மண்ணச்சநல்லூர்_அக்கா:

ஆவி மட்டும்தானே, நாய் ஹாலில் இருந்தால் ஒன்றும் ஆகாது, சூட்டுக்குப் பக்கத்தில் விடாதீர்கள், அவ்வளவுதான். கார்பெண்டர் கழற்றுகிற ஸ்க்ரூ, போல்ட் எல்லாவற்றையும் ஒரு எவர்சில்வர் டப்பாவில் போடச் சொல்லி, அதன் மேலும் கொதிக்கிற தண்ணீரை ஊற்றிவிடுங்கள். அவருடைய கருவிப் பையைக் கட்டில் பக்கத்தில் வைக்க விடாதீர்கள், பாவம், அவர் வீட்டுக்குப் போய்ச் சேரும்.